சிக்னலில் நின்றபடி செல்போனைப் பார்த்தால் அபராதமா?

வாசகர் கேள்வி: நான் திருச்சியில் ஒரு மருந்து மொத்த வியாபாரியிடம் ஆர்டர் எடுக்கும் வேலை பார்க்கிறேன். வயது 34. தினமும் இருபது, இருபத்தைந்து மெடிக்கல் ஷாப்புகளுக்கு பைக்கில் போக வேண்டும். போன மாதம் சிவப்பு விளக்கில் நின்றபோது, அடுத்த கடை எந்தத் தெருவில் என்று மேப்பில் பார்க்க செல்லை எடுத்தேன். போலீஸ்காரர் போட்டோ எடுத்துவிட்டார். ஆயிரம் ரூபாய் சலான் வந்திருக்கிறது. வண்டி ஓடவே இல்லையே, அதுவும் குற்றமா? மேப் பார்க்கலாம் என்று சட்டமே சொல்கிறதாமே? நண்பர், 'கோர்ட்டுக்குப் போ, கேஸ் நிற்காது' என்கிறார். அப்பா, 'கட்டித் தொலை' என்கிறார். லைசென்ஸும் போகும் என்கிறார்களே, உண்மையா? செல்லைப் பிடித்தால் இன்ஷூரன்ஸ் கிடைக்காது என்பது நிஜமா? இனி புளூடூத் மாட்டிக்கொள்ளலாமா? போனை எடுக்காமலும் இருக்க முடியாது. மூன்று ரிங்குக்குள் எடுக்காவிட்டால் மேனேஜர் சத்தம் போடுவார்.

பதில்:

அன்புள்ள தம்பி,

நீங்கள் கேட்டிருக்கும் கேள்விகள் எல்லாவற்றையும்விட, போகிற போக்கில் கடைசியில் எழுதியிருக்கும் அந்த மேனேஜர் வரிதான் என்னை உறுத்துகிறது. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் சலான்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல் பிரிவு 184 என்பது ஆபத்தாக வண்டி ஓட்டுவதைப் பற்றியது. 2019 திருத்தத்தில் அந்தப் பிரிவுக்கு ஒரு விளக்கம் சேர்த்தார்கள். சிவப்பு விளக்கைத் தாண்டுவது, எதிர்த்திசையில் வருவது போன்றவற்றோடு, 'வண்டி ஓட்டும்போது கையில் பிடிக்கும் தகவல் தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவது' என்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. 2019 செப்டம்பர் 1 முதல் இது நடைமுறையில் உள்ளது. இந்தச் சிறு திருத்தம் எவ்வளவு பெரிய மாற்றம் என்று புரிந்தால்தான் உங்கள் நண்பர் சொல்வது ஏன் பழைய கதை என்று விளங்கும்.

2018-ல் கேரள உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. காரில் போனில் பேசிக்கொண்டே போனவர் மீது, பொதுமக்களுக்கு ஆபத்து விளைவித்தார் என்று கேரளக் காவல் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டிருந்தார்கள். போனில் பேசினார் என்பதாலேயே ஆபத்து விளைவித்தார் என்று ஆகிவிடாது, அதற்கென்று சட்டத்தில் இடம் இல்லை என்று நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. அந்தச் செய்தி அப்போது எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றியது. இன்றைக்கும் சுற்றுகிறது. அதற்கு அடுத்த ஆண்டே சட்டம் மாறிவிட்டது என்ற செய்தி மட்டும் அதோடு சேர்ந்து வருவதில்லை. இப்போது 'என்னால் யாருக்கு என்ன ஆபத்து வந்தது?' என்று கேட்க முடியாது. கையில் பிடித்துப் பயன்படுத்தினாலே அது ஆபத்தான ஓட்டல் என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது.

சரி, நின்ற வண்டி? சட்டத்தில் இருப்பது 'வண்டி ஓட்டும்போது' என்ற சொல். 'வண்டி நகரும்போது' என்று எழுதவில்லை. சிக்னலில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ஹேண்டிலைப் பிடித்து, பச்சை விழுந்ததும் கிளம்பத் தயாராகச் சாலையில் நிற்பவர் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார் என்பது என் கருத்து. நம் ஊர் போலீஸும் அப்படித்தான் பார்க்கிறது. பிரிட்டனில் 2003 முதல் இந்தத் தடை உண்டு. சிக்னலில் நின்றாலும், நெரிசலில் வண்டி நகராமல் இருந்தாலும் தடை பொருந்தும் என்று அங்கே ஓட்டுநர்களுக்கான வழிகாட்டுதலிலேயே வெளிப்படையாகச் சொல்கிறார்கள். ஓரமாக ஒதுங்கி, இன்ஜினை அணைத்து, சைடு ஸ்டாண்ட் போட்டுவிட்டு எடுத்திருந்தால் அது வேறு. நீங்கள் அப்படிச் செய்யவில்லை.

மேப் விஷயத்தில் மட்டும் உங்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தத்தில், கையில் பிடிக்கும் கருவியை வழி பார்ப்பதற்கு மட்டும் பயன்படுத்தலாம், அதுவும் ஓட்டுபவரின் கவனம் சிதறாத வகையில் என்று இருக்கிறது. நீதிமன்றத்தில் எடுத்து வைக்கக்கூடிய வாதம் இது ஒன்றுதான். ஆனால் போலீஸ் எடுத்த போட்டோவில் என்ன தெரியும்? தலை குனிந்திருக்கும், கையில் செல் இருக்கும். திரையில் மேப் இருந்ததா, வாட்ஸ்அப் இருந்ததா என்று தெரியாது. மேப்தான் என்று நீங்கள் காட்டினாலும், 'கவனம் சிதறாத வகையில்' என்ற அடுத்த வரி குறுக்கே நிற்கும். மேப் பார்க்க வேண்டுமானால் ஹேண்டிலில் ஒரு ஹோல்டர் பொருத்துங்கள். கிளம்பும் முன்பே முகவரியைப் போட்டுவிடுங்கள். வழியில் மாற்ற வேண்டியிருந்தால் ஓரமாக நிறுத்துங்கள்.

கோர்ட்டுக்குப் போக வேண்டுமா என்றால், கணக்குப் போட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் உயர்த்திய அபராதப்படி முதல் தடவைக்கு 1,000 ரூபாய். கட்டினால் முடிந்தது. கட்டாமல் மாஜிஸ்திரேட் முன் போய் குற்றம் நிரூபணமானால், பிரிவு 184 சொல்லும் தண்டனை வரும். முதல் தடவைக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சிறைக்கு அனுப்புவார்கள் என்று நான் பயமுறுத்தவில்லை. குறைந்தபட்ச அபராதமே நீங்கள் இப்போது கட்டப்போகும் தொகைதான். அதற்காக எத்தனை நாள் கூலியை விட்டுவிட்டு நீதிமன்ற வராந்தாவில் நிற்பீர்கள்? இந்த ஒரு விஷயத்தில் அப்பா சொல்வதைக் கேளுங்கள்.

கட்டிவிட்டால் மறந்துவிடலாமா என்றால், அதுவும் கூடாது. மூன்று ஆண்டுகளுக்குள் இதே குற்றத்தில் மறுபடி சிக்கினால் 10,000 ரூபாய். உங்கள் சம்பளத்தில் அது எவ்வளவு என்று எனக்குத் தெரியாது, வீட்டு வாடகையை விழுங்கிவிடும் என்று மட்டும் தெரியும்.

லைசென்ஸ் விஷயம் வதந்தியில்லை. அபராதம் கட்டியது லைசென்ஸ் நடவடிக்கையிலிருந்து காப்பாற்றாது. ஸ்பாட் ஃபைன் பற்றிய பிரிவு 200-லேயே இதைச் சேர்த்துவிட்டார்கள். இந்தக் குற்றத்துக்குப் போலீஸ் உங்கள் லைசென்ஸை வாங்கி வைத்து, நடவடிக்கைக்காக ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்ப பிரிவு 206-ல் அதிகாரம் இருக்கிறது. இது போன்ற ஒருசில குற்றங்களுக்குக் குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸை நிறுத்திவைக்க வேண்டும் என்று, நீதிபதி கே.எஸ்.ராதாகிருஷ்ணன் தலைமையிலான உச்ச நீதிமன்றச் சாலைப் பாதுகாப்புக் குழு 2015-லேயே எல்லா மாநிலங்களுக்கும் சொல்லியிருக்கிறது. எல்லா சலானுக்கும் அது நடப்பதில்லை. நடந்தால், உங்களைக் கேட்காமல் ஆர்.டி.ஓ. உத்தரவு போட முடியாது. முதலில் நோட்டீஸ் வர வேண்டும், உங்கள் பதிலைக் கேட்க வேண்டும். மேப் பார்த்தேன், வண்டி நின்றிருந்தது, இது முதல் தடவை, இந்த வேலையை நம்பித்தான் குடும்பம் என்பதையெல்லாம் எழுத வேண்டிய இடம் அந்தப் பதில்தான். உத்தரவு பாதகமாக வந்தால், கையில் கிடைத்த முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். நோட்டீஸைப் பீரோவில் போட்டுப் பூட்டிவிட்டு மூன்று மாதம் கழித்து வருபவர்கள்தான் என்னிடம் அதிகம்.

இன்ஷூரன்ஸ் பற்றி எல்லாரும் சொல்வது பாதி தப்பு. செல்போனில் பேசிக்கொண்டே யார் மீதாவது மோதினாலும், அடிபட்டவருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டின் கீழ் கம்பெனி இழப்பீடு கொடுத்தாக வேண்டும். என்னென்ன காரணம் சொல்லித் தப்பலாம் என்று பிரிவு 150 வரையறுத்து வைத்திருக்கிறது. லைசென்ஸ் இல்லாதது, குடித்துவிட்டு ஓட்டியது எல்லாம் அதில் உண்டு. செல்போன் இல்லை.

ஆனால் அந்தப் பட்டியலில் இன்னொன்று இருக்கிறது, தம்பி. அதை யாரும் சொல்வதில்லை. லைசென்ஸ் நிறுத்திவைக்கப்பட்ட காலத்தில் வண்டி ஓட்டுவது. 'மூணு மாசம்தானே, வேலைக்குப் போகாமல் இருக்க முடியுமா?' என்று அந்த நேரத்தில் பைக்கை எடுத்தால், பிடிபட்டால் 10,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை. அதுகூடப் பெரிதில்லை. அப்போது ஒரு விபத்து நடந்தால் கம்பெனி கைவிரிக்க வழி கிடைத்துவிடும். நீதிமன்றம் அடிபட்டவருக்குக் கம்பெனியைக் கொடுக்கச் சொன்னாலும், அந்தப் பணத்தைக் கம்பெனி உங்களிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம். நடக்க முடியாமல் போன ஒருவருக்கான இழப்பீடு பல லட்சம். ஆயிரம் ரூபாய் சலானில் ஆரம்பித்து வீட்டுப் பத்திரத்தில் வந்து நிற்கும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அடிபட்டது நீங்களாக இருந்தால்? இதைச் சொல்ல எனக்கு ஒரு வழக்கு வேண்டும்.

பல வருடங்களுக்கு முன்பு, விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் ஓர் இளைஞருக்காக ஆஜரானேன். உங்கள் வயதுதான் இருக்கும். சிக்னல் காட்டாமல் வலது பக்கம் திரும்பிய லாரி இவர் பைக்கில் மோதி, வலது கால் முட்டிக்குக் கீழே இரண்டு இடத்தில் உடைந்தது. எஃப்.ஐ.ஆர். லாரி டிரைவர் மேல். எங்களுக்கு மிக வலுவான கேஸ் என்று நினைத்திருந்தேன். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே ஒரு தாளை நீட்டினார். போன் கம்பெனி கொடுத்த அழைப்புப் பட்டியல். அதில் ஒரு வரியில் பென்சிலால் கோடு போட்டிருந்தார். மாலை 6.41-க்கு வந்த அழைப்பு, மூன்று நிமிடத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. விபத்து 6.43 வாக்கில். 'ஹெல்மெட்டுக்குள் செருகிப் பேசினீர்களா, தோளில் இடுக்கிப் பேசினீர்களா?' என்று மட்டும் கேட்டார். என் கட்சிக்காரர் பதில் சொல்லாமல் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தார். அங்கே அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். அழைத்தது அவர்தான். குழந்தைக்குச் சிரப் வாங்கி வரச் சொல்ல.

போனில் பேசினார் என்பதால் மட்டும் இழப்பீட்டைக் குறைத்துவிட முடியாது. விபத்துக்கு அதுவும் காரணம் என்று காட்ட வேண்டும். அன்று காட்டினார்கள். லாரி திரும்புவதை முன்னாலேயே பார்த்திருக்கலாம், பிரேக் போட்ட தடமே சாலையில் இல்லை என்று. தீர்ப்பில் கால் பங்கைக் கழித்தார்கள். பணம் போனதை அந்தப் பெண் பெரிதாக நினைக்கவில்லை. வெளியே வந்ததும் என்னிடம், 'நான் கூப்பிடாமல் இருந்திருந்தால்...' என்று ஆரம்பித்தவர், அதற்கு மேல் பேசவில்லை. அன்றிலிருந்து, வண்டியில் இருக்கும் யாரையும் நான் போனில் கூப்பிடுவதில்லை. எடுத்ததும் ஹாரன் சத்தம் கேட்டால், 'நிறுத்திவிட்டுக் கூப்பிடு' என்று வைத்துவிடுவேன். என் பிள்ளைகளுக்கு இது பழகிவிட்டது.

உங்களால் ஒருவர் இறந்துபோனால் சட்டம் இன்னும் கடுமையாகியிருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் அதிகபட்சம் இரண்டு ஆண்டு சிறை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 106-ல் அது ஐந்து ஆண்டு.

இனி புளூடூத். சட்டத்தின் சொல்லை மட்டும் பார்த்தால், பிரிவு 184-ல் 'கையில் பிடிக்கும் கருவி' என்று இருப்பதால் காதில் மாட்டியது அதற்குள் நேராக வராது. ஆனால் லைசென்ஸை நிறுத்திவைக்கும் காரணங்களைச் சொல்லும் மத்திய மோட்டார் வாகன விதி 21-ல், வண்டி ஓட்டும்போது மொபைல் போன் பயன்படுத்துவது என்றுதான் இருக்கிறது. 'கை' என்ற சொல் அங்கே இல்லை. அதனால் புளூடூத் முழுப் பாதுகாப்பு என்று நான் எழுதிக் கொடுக்க மாட்டேன். ஹெல்மெட்டுக்குள் செல்லைச் செருகுவது பற்றிக் கேட்கவே வேண்டாம். தலைக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவில் கண்ணாடியும் உலோகமுமாக ஒரு தகட்டை வைத்துக்கொண்டு விழுந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

சட்டத்தை ஒதுக்கிவிட்டுச் சொல்கிறேன், புளூடூத்திலும் பேசாதீர்கள். கனடாவின் டொரன்டோ நகரில் ரெடல்மையர், டிப்ஷிரானி என்ற இருவர் செய்த ஓர் ஆய்வு 1997-ல் வெளிவந்தது. செல்போன் வைத்திருந்து விபத்தில் சிக்கிய 699 ஓட்டுநர்களின் போன் பில்லை வாங்கி, விபத்து நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் அந்தத் தாளில் செய்த அதே வேலை. போனில் பேசும் நேரத்தில் விபத்து வாய்ப்பு நான்கு மடங்கு என்று வந்தது. கையில் பிடிக்காமல் பேசும் போன் வைத்திருந்தவர்களுக்கும் அதில் எந்தச் சலுகையும் தெரியவில்லை. பேசும்போது கண் சாலையில்தான் இருக்கும், மனம் மறுமுனையில் இருப்பவரோடு போய்விடும். எதிரே வருவது கண்ணில் விழும், புத்தியில் ஏறாது. பின்னால் உட்கார்ந்து பேசுபவர் லாரியைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துவார். போனில் இருப்பவருக்கு லாரி தெரியாது. அவர் பாட்டுக்கு ஸ்டாக் கணக்குக் கேட்டுக்கொண்டே இருப்பார்.

நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குப் பதினொரு மீட்டர் போகிறீர்கள். யார் கூப்பிடுகிறார்கள் என்று மூன்று நொடி திரையைப் பார்த்தால் முப்பத்து மூன்று மீட்டர். உங்கள் தெருவில் அந்த நீளத்துக்கு எத்தனை வீடு, எத்தனை வாசலில் குழந்தைகள் என்று ஒரு நாள் நடந்தே பார்த்துவிடுங்கள். பைக்கில் இடது கை செல்லைப் பிடித்தால் கிளட்ச்சுக்குக் கை இல்லை. வலது கை பிடித்தால் ஆக்ஸிலேட்டரும் முன் பிரேக்கும் போச்சு.

2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் செல்போன் பயன்பாட்டால் என்று மத்திய அரசின் அறிக்கையில் பதிவானது 3,395 பேர். இந்த எண் உண்மையைவிட மிகக் குறைவு என்பது என் அனுபவம். விபத்து நடந்த இடத்துக்குப் போலீஸ் வரும்போது செல் எங்கேயோ தெறித்து விழுந்திருக்கும். யாரோ எடுத்து உறவினரிடம் கொடுத்திருப்பார்கள். எஃப்.ஐ.ஆரில் 'அதிவேகம், அஜாக்கிரதை' என்று எழுதிவிடுவார்கள். அழைப்புப் பட்டியல் வாங்குவது யாராவது பணத்துக்காகச் சண்டை போடும்போதுதான்.

இப்போது உங்கள் மேனேஜர். மூன்று ரிங்குக்குள் எடுக்கச் சொல்பவர், நீங்கள் நாள் முழுக்க வண்டியில் இருக்கிறீர்கள் என்று தெரிந்தே கூப்பிடுகிறார். வேலை நேரத்தில், வேலை காரணமாக உங்களுக்கு அடிபட்டால் சட்டப்படி முதலாளி பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பதை அவருக்கோ, அவருக்கு மேலே இருக்கும் முதலாளிக்கோ யாரும் எடுத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்கள் சொல்லுங்கள். சண்டை வேண்டாம். வாட்ஸ்அப்பில் பணிவாக, எழுத்தில்: 'சார், வண்டி ஓட்டும்போது செல்லை எடுத்ததற்கு ஆயிரம் ரூபாய் அபராதம் வந்துவிட்டது. அடுத்த தடவை பத்தாயிரம். லைசென்ஸையும் நிறுத்தினால் மூன்று மாதம் ஆர்டர் எடுக்க லைனுக்குப் போக முடியாது. அதனால் வண்டியில் இருக்கும்போது எடுக்க மாட்டேன், ஒவ்வொரு கடையிலும் இறங்கியதும் நானே கூப்பிடுகிறேன்.' இருபது கடை என்றால் இருபது தடவை அவருக்குத் தகவல் கிடைக்கும். மூன்று மாதம் லைன் ஓடாது என்ற வார்த்தை அவருக்குப் புரியும். வியாபாரி இல்லையா.

அதற்கும் சத்தம் போட்டால் போடட்டும். அந்த வாட்ஸ்அப் செய்தியை அழிக்காமல் வைத்திருங்கள்.

செல்லில் 'டிரைவிங்' என்று ஒரு அமைப்பு இருக்கும். போட்டுவிட்டால் வரும் அழைப்புகளை அமுக்கி வைக்கும். பல போன்களில் 'வண்டி ஓட்டுகிறேன், பிறகு அழைக்கிறேன்' என்று தானே பதில் அனுப்பவும் வசதி உண்டு. கிளம்பும் முன் அதைப் போட்டு, செல்லைப் பையில் ஜிப்புக்குள் வையுங்கள். சட்டைப் பையில் வைத்தால் அதிரும், கை போகும். வீட்டிலும் சொல்லி வையுங்கள்.

சலானை அரசின் இ-சலான் தளத்தில் மட்டும் கட்டுங்கள். எஸ்.எம்.எஸ்.ஸில் வரும் லிங்க்கைத் தொடாதீர்கள். அபராதம் என்ற பெயரில் பணம் பறிக்கும் போலி லிங்க்குகள் நிறைய வருகின்றன. வண்டி எண்ணைப் போட்டு நீங்களே தேடி, தேதி, இடம், போட்டோ சரிதானா என்று பார்த்துக் கட்டி, ரசீதைச் சேமித்து வையுங்கள். அப்படியே பாலிசியையும் ஒரு தடவை திறந்து, ஓட்டுநருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு அதில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தால், வந்த தேதியை உறையின் மேலேயே எழுதிவிட்டு, பதில் அனுப்புவதற்கு முன் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.